பெற்றோரின் மாத்திரைப் பைக்குக் கணக்கு உண்டா?



இரவு கடை அடைக்கும் முன் கல்லாவை எண்ணுகிறீர்கள். எந்த மொத்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, எந்த வாடிக்கையாளர் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் பேரேட்டில் இருக்கிறது. ஐந்து ரூபாய் கணக்கு உதைத்தாலும் தூக்கம் வருவதில்லை. நல்லது, வணிகனுக்கு அதுதான் அழகு. ஆனால் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் இருக்கும் தந்தையும் தாயும் ஒரு நாளில் எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார்கள்? எந்த மாத்திரை எந்த நோய்க்கு? யார் எழுதித் தந்தது, எப்போது எழுதித் தந்தது? உடனே பதில் சொல்லக் கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பெரும்பாலான வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் பாதி தீர்ந்த அட்டைகள், பெயர் கிழிந்த அட்டைகள், காலாவதியான சொட்டு மருந்து, மடித்து மடித்து நைந்துபோன சீட்டுகள். அந்தப் பைதான் நம் பெரியவர்களின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதே பைதான் பல நேரங்களில் அவர்களின் உயிருக்கு உலையும் வைக்கிறது. அந்தப் பைக்குத்தான் யாரும் கணக்கு வைப்பதில்லை.

ஐந்து இடம், ஐந்து சீட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ராஜகுளம் போன்ற ஒரு சிற்றூரில், உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு கிராமத்தில், எழுபதைக் கடந்த ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை. மூட்டு வலித்தால் பக்கத்து மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரை. காய்ச்சல் என்றால் ஊசி போடுகிற ‘டாக்டர்’. நெஞ்சு படபடத்தால் காஞ்சிபுரத்துத் தனியார் மருத்துவமனை. அதற்கும் மேலே போனால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி அல்லது சென்னை.

ஐந்து இடம், ஐந்து சீட்டு! ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஒரே மருந்தை இரண்டு கம்பெனிகள் இரண்டு பெயரில் விற்கின்றன. பெயர் வேறாக இருப்பதால் பெரியவர் இரண்டையும் விழுங்குகிறார். மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ‘பழைய மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது அவர் காதில் விழுந்ததா, விழுந்தாலும் நினைவில் நின்றதா என்று பார்ப்பவர் யாரும் இல்லை.

பிறகு ஒரு நாள் விடியற்காலையில் தலை சுற்றி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. ‘வயசாச்சு, விழுந்துட்டார்’ என்கிறோம். வயது மட்டும்தானா காரணம்? முந்தைய இரவு அவர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று எவரேனும் கேட்டோமா?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளின் மருத்துவமனைகளில், பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 13 கோடியே 40 லட்சம் பாதிப்புகள் நேர்வதாகவும், 26 லட்சம் பேர் வரை இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளால் மட்டும் உலகம் ஆண்டுதோறும் இழக்கும் பணம் 4,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டு, 2017-ல் ‘தீங்கில்லாத மருந்து’ என்ற இயக்கத்தையே அந்நிறுவனம் தொடங்கியது. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17-ஐ நோயாளிகளின் பாதுகாப்பு நாளாக அறிவித்திருக்கிறது. நம் ஊரில் அந்த நாள் வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை.

முதுமை உடலுக்கு வேறு அளவுகோல்

வயது கூடக் கூடச் சிறுநீரகத்தின் வேகம் குறைகிறது. நாற்பது வயதில் ஒரே நாளில் வெளியேறிவிடும் மருந்து, எழுபத்தைந்து வயதில் உடலில் தேங்கி நிற்கிறது. ஆகவே இளைஞனுக்கு மருந்தாக இருப்பது முதியவருக்கு நஞ்சாகலாம். நான்கு எடுத்துக்காட்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, சர்க்கரை மாத்திரை. கிளிபென்கிளமைடு என்பது நெடுங்காலமாகப் புழங்கும் மலிவான மாத்திரை. முதியவர்களுக்கு இது சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடக் கூடும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று கூறி, உலக சுகாதார நிறுவனம் 2013-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதன் இடத்தில் கிளிக்ளசைடைச் சேர்த்தது. இரண்டு, வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் போன்றவை தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். மூன்று, தூக்க மாத்திரை. இரவில் சிறுநீர் கழிக்க எழும் பெரியவரைத் தள்ளாடி விழச் செய்வது பெரும்பாலும் இதுதான். நான்கு, ஸ்டீராய்டு. ‘ஒரே ஊசியில் வலி பறந்துவிட்டது’ என்று ஊரே புகழும் ஊசிக்குள் பல வேளைகளில் இருப்பது இதுதான். சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும், நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும்.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! அது இன்னொரு ஆபத்து. பையை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ‘இவை அனைத்தும் இன்னும் தேவையா? எதைக் குறைக்கலாம்?’ என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மருத்துவமனைக்குள்ளும் ஆபத்து உண்டு. படுத்தே கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். நேற்று வரை தெளிவாகப் பேசிய பெரியவர் இன்று திடீரெனப் பிதற்றினால், ‘வயதாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது’ என்று ஒதுக்குகிறோம். அது கிருமித் தொற்றாகவோ, உப்புச் சத்துக் குறைவாகவோ, மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். உடனே கவனித்தால் தெளிந்துவிடும். அமெரிக்காவில் 2017-ல் தொடங்கிய முதியோர் மருத்துவச் சீர்திருத்தம் ஒன்று, ஒவ்வொரு முதிய நோயாளியிடமும் நான்கு விஷயங்களைத் தவறாமல் பார்க்கச் சொல்கிறது. அவருக்கு எது முக்கியம், என்ன மருந்து சாப்பிடுகிறார், மனம் தெளிவாக இருக்கிறதா, நடமாட முடிகிறதா. இந்த நான்கையும் கேட்பதற்குக் கோடிக்கணக்கில் இயந்திரம் தேவையில்லை. கேட்கும் மனமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

கணக்குக் கேட்பது நம் மரபு

‘மருத்துவரைக் கேள்வி கேட்கலாமா? அல்லாஹ் விதித்தபடி நடக்கும்’ என்று சிலர் சொல்லக் கூடும். சகோதரர்களே! விதியை நம்புவது வேறு, கவனக்குறைவுக்கு விதியின் மேல் பழி போடுவது வேறு. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துக் கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. நோயாளியின் பாதுகாப்பு பற்றி மேலைநாடுகள் பேசத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அண்ணலார் (ஸல்) வகுத்த சட்டம் இது!

கி.பி. 931-ல் பக்தாத் நகரில் ஒரு மருத்துவரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா அல்முக்ததிரின் காதுக்கு எட்டியது. தேர்வு எழுதித் தேறாத எவரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று ஆணையிட்டார். தலைமை மருத்துவர் சினான் இப்னு ஸாபித் தேர்வாளராக நியமிக்கப்பட்டார். எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டதாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவரது நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர்கள் என்று அந்தக் கல் சொல்கிறது. ஆக, மார்க்கத்தாலும் மண்ணாலும் நாம் கணக்குக் கேட்கும் மரபைச் சேர்ந்தவர்கள். அந்த மரபை ஆஸ்பத்திரி வாசலில் ஏன் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்?

சட்டம் இருக்கிறது, நடைமுறை?

பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு வழிகாட்டியது தமிழகம்தான். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்பு வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

மகிழ்ச்சி! ஆனால் கிண்டி எங்கே, ராஜகுளம் எங்கே? இடுப்பு ஒடிந்தவர் எத்தனை பேருந்து மாறி அங்கே போவார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர். தமிழகத்திலோ அப்போதே 10.4 பேர். அதன் பிறகு இந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. தலைநகரில் ஒரு மருத்துவமனை கட்டிவிட்டால் தீரக் கூடிய காரியமா இது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஐப் பலர் ஜீவனாம்சச் சட்டம் என்று மட்டுமே அறிவார்கள். அதன் 20-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் முதியோருக்கு இயன்ற வரை படுக்கை, தனி வரிசை, நாட்பட்ட நோய்களுக்குச் சிகிச்சை வசதி, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவர் தலைமையில் ஒதுக்கப்பட்ட வசதி என்று அது பட்டியலிடுகிறது. 2010-11-ல் மத்திய அரசு கொண்டு வந்த தேசிய முதியோர் நல மருத்துவத் திட்டமோ, மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கை கொண்ட முதியோர் வார்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள் முதியோர் கிளினிக் என்று வகுத்திருக்கிறது.

இவை உங்கள் பகுதியில் நடக்கின்றனவா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். இளைஞர்களே, எழுதுங்கள்! எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதியோர் கிளினிக் எந்தக் கிழமை? உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் முதியோருக்குத் தனி வரிசை உண்டா? காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் முதியோர் வார்டில் எத்தனை படுக்கை, எத்தனை செவிலியர்? கடந்த ஓராண்டில் மருத்துவமனைக்குள் விழுந்த நோயாளிகள் எத்தனை பேர்? படுக்கைப் புண் கண்டவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்குப் பதிவேடு உண்டா? பதிவேடே இல்லை என்று பதில் வந்தால், அதுவே நம் கோரிக்கையின் முதல் வரியாகட்டும்.

தனியார் மருத்துவமனையும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் வந்ததோ 2018-ல்! இருபத்தோரு ஆண்டுகள் சட்டம் உறங்கியது என்றால் யாருடைய தூக்கம் அது? நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. மருத்துவரோடு சண்டை போடுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. இரவு பகல் பாராமல் உழைக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் நம் நன்றிக்குரியவர்கள். ஐம்பது நோயாளிக்கு ஒரு செவிலியரை நிறுத்திவிட்டுத் தவறு நேர்ந்தால் அவரைத் தாக்குவது நீதியாகாது. கேள்வி ஆட்சியாளரிடமும் நிர்வாகத்திடமும் எழ வேண்டும்.

முதலில் நம் வீடு, நம் பள்ளிவாசல்

அரசைக் கேட்பவர்கள் தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரமளான் வந்தால் சர்க்கரை நோயுள்ள நம் பெரியவர்கள் மருந்தையும் உணவையும் தாமாகவே மாற்றிக்கொள்கிறார்கள். 13 நாடுகளில் 2001-ல் நடந்த ஆய்வில், நோன்பு மாதத்தில் சர்க்கரை கடுமையாக இறங்கிப் போவது இரண்டாம் வகை நோயாளிகளிடம் ஏழரை மடங்கு அதிகரித்தது தெரிய வந்தது. நோயாளிக்கும் இயலாதவருக்கும் அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தில் சலுகை அளித்திருக்கிறான். அந்தச் சலுகையைக் குற்றம் போலப் பார்க்கும் நம் பேச்சுதான் பெரியவர்களைத் தயங்க வைக்கிறது. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் காட்டி மருந்து நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். உயிரைக் காப்பதும் இபாதத்தே என்று ஆலிம் பெருமக்கள் ஷஃபான் மாத ஜும்ஆவிலேயே எடுத்துச் சொன்னால் பல வீடுகளில் விளக்கு அணையாது.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! ஃபஜ்ருக்கு இருட்டில் வரும் பெரியவர்கள் ஒளு செய்யும் இடத்தில் பாசி வழுக்குகிறதா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? கழிப்பறையில் உயரமான இருக்கை உண்டா? படியில் விளக்கு எரிகிறதா? மினாராவுக்கு வண்ணம் அடிக்கும் முன் இந்தக் கம்பிகளைப் பொருத்துங்கள்.

மெடிக்கல் வைத்திருக்கும் சகோதரர்களே! அல்பிராசோலம், டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் டிரமடாலும் 2014 மார்ச் முதல் ‘எச்-1’ பட்டியலில் உள்ளன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ‘கேட்கிறார்கள், கொடுக்கிறோம்’ என்பது சமாதானமாகாது. எடைக்கல்லில் குறைத்தால் ஹராம் என்று அறிந்த நமக்கு, முதியவரின் சிறுநீரகத்தைக் குறைப்பது மட்டும் ஹலால் ஆகிவிடுமா?

வளைகுடாவில் உழைக்கும் தம்பிகளே! மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறீர்கள். மருந்து வாங்கக் குறைவில்லை, மருந்தைப் பார்க்கத்தான் ஆளில்லை. வாரம் ஒருமுறை செல்பேசியில் பேசும்போது ‘நல்லா இருக்கீங்களா அத்தா’ என்பதோடு நிறுத்தாமல் மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை

இரத்ததானம் என்றால் ஓடி வருகிறீர்கள். விபத்து என்றால் ஆம்புலன்ஸோடு நிற்கிறீர்கள். கொரோனா காலத்தில் சொந்தங்களே தொடத் தயங்கிய உடல்களைச் சாதி, மதம் பாராமல் அடக்கம் செய்த கைகள் நம் சமுதாய இளைஞர்களின் கைகள். அந்தக் கைகளுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. இதற்கு நிதி வேண்டாம், அனுமதி வேண்டாம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கைந்து பேர் சேருங்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள் வாழும் வீடுகளைக் கணக்கெடுங்கள். நம்மவர் வீடு மட்டுமல்ல, தெருவில் உள்ள எல்லா வீடுகளும்! யூத முதியவர் ஒருவர் கையேந்தி நிற்பதைக் கண்டு, இளமையில் உழைக்க வைத்துவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்று பைத்துல்மாலில் இருந்து உதவித்தொகை வழங்கிய உமர் (ரலி) அவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். பெயர், வயது, நோய்கள், சாப்பிடும் மருந்துகள், அளவு, வேளை, ஒவ்வாத மருந்து, அழைக்க வேண்டிய எண். தெரியாத மாத்திரையை நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள். மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ காட்டிக் கேட்டு எழுதுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த அட்டை முதலில் மேசைக்குப் போகட்டும். மருத்துவமனையில் இருந்து திரும்பும் நாளில் எது புதிது, எது நிறுத்தம் என்று செவிலியரிடம் கேட்டு அட்டையைத் திருத்துங்கள். துணைக்கு ஆளில்லாத பெரியவருடன் ஒருவர் போங்கள். முதியோர் உதவிக்கான தேசிய எண் 14567, ஆம்புலன்ஸ் எண் 108 இரண்டையும் அட்டையின் மேலே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அரசுக்கு நம் கோரிக்கைகள் சுருக்கமானவை. 2007 சட்டத்தின் 20-ஆவது பிரிவை வட்ட மருத்துவமனை வரை நடைமுறைப்படுத்து! வீடு தேடி வரும் ஊழியர் மாத்திரையைத் தருவதோடு, பையில் உள்ள எல்லா மாத்திரைகளையும் பதிந்து மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்! மருத்துவமனைக்குள் நேரும் வீழ்ச்சி, படுக்கைப் புண், மருந்துத் தவறு ஆகியவற்றைப் பதிந்து ஆண்டுதோறும் வெளியிடு! போலி மருத்துவர்களை ஒடுக்கு!

பெற்றோர் முதுமையை எட்டும்போது சலிப்பின் சிறு சொல்லும் நம் வாயில் வரக் கூடாது என்று அல்லாஹ் தன் திருமறையின் 17-ஆவது அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். சொல்லையே அவ்வளவு கவனமாகப் பார்க்கச் சொன்ன மார்க்கம், அவர்கள் வாயில் போகும் மருந்தைக் கவனிக்காமல் இருக்க அனுமதிக்குமா? சிந்தியுங்கள். இன்றிரவு கடைக் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனதும் அந்தப் பையைக் கீழே இறக்கி, ஒவ்வோர் அட்டையாக எடுத்து எழுதத் தொடங்குங்கள். நம் பெற்றோர்களுக்கு நலமான முதுமையையும், நமக்கு அவர்களைப் பேணும் பேற்றையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக!